வெளிநாட்டு ஏடிஎம் ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

வேண்டாம் என்றே சொல்லுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து துபாய் போகிறவர்கள் நம்மூர் வங்கிக் கார்டைப் போட்டதும், சில ஏடிஎம்கள் இத்தனை திர்ஹாமுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குக் காட்டி சம்மதம் கேட்கும். இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர். அதாவது ரூபாயாக மாற்றும் வேலையை அந்த ஏடிஎம் தரப்பே எடுத்துக்கொள்கிறது, விகிதமும் அவர்கள் வைத்ததுதான், அதற்குள் அவர்கள் லாபமும் உட்கார்ந்திருக்கும். தோவாளைச் சந்தையில் கிடைக்கிற அதே பிச்சிப்பூவைக் கோயில் வாசலில் வாங்குகிற மாதிரி. பூ ஒன்றுதான், விலை வேறு.

திர்ஹாமிலேயே எடுத்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்கின் விகிதம் வரும், அது பெரும்பாலும் சந்தை விலையை ஒட்டியே இருக்கும். அப்புறம், பல கார்டுகளில் நம் வங்கியும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் பிடிக்கும், அதற்கு ஜிஎஸ்டி வேறு. அதனால் ஆயிரம் ஐந்நூறாகக் கிள்ளாமல் தேவையானதைச் சேர்த்து எடுப்பது நல்லது.

‘மாற்றம் வேண்டாம்’ என்று அழுத்தினால் பணமே வராது என்று பலர் பயப்படுகிறார்கள் (திரையும் அப்படித்தான் மிரட்டும்). நிராகரிப்பது அந்த விகிதத்தை மட்டும்தான், பணம் வழக்கம்போல வரும்.