அளவு 14 என்று போட்ட பழைய கோட்டு ஏன் இறுக்குகிறது?

லேபிளில் உள்ள 14-ஐ நம்பாதீர்கள். விற்பவரிடம் அக்குளுக்கு அக்குள் எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படித்துக்கொண்டே இணையத்தில் வாங்கியதாக நீங்கள் எழுதிய 1970களின் கம்பளிக் கோட்டு இறுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: பிரிட்டனில் அந்தக் காலத்து 14 இன்றைய 14-ஐவிடச் சிறியது. உங்கள் உடம்பில் குறை எதுவும் இல்லை.

உங்களுக்குச் சரியாக இருக்கும் கோட்டைப் பொத்தானிட்டு மேசைமேல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து குறித்துவையுங்கள். வாங்கப்போவது அதைவிடக் குறைந்தால் விட்டுவிடுங்கள். நேரில் வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சி அரித்த ஊசித்துளைகள் அப்போதுதான் தெரியும். அளவுநாடா இல்லாமல் பழைய துணிக் கடைக்குள் நான் நுழைவதே இல்லை.

பிரிட்டனில் இணையத்தில் கடைக்காரரிடம் வாங்கியிருந்தால், கைக்கு வந்த 14 நாளுக்குள் பொதுவாக ரத்து செய்யலாம். தனிநபரிடம் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது.