கிதார் ஆம்ப்ளிஃபயர் பழுது: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். ஒலி விட்டு விட்டு வருகிறது. கேபிளை மாற்றியும் பயனில்லை.

பதில்: இன்புட் ஜாக்கைப் பாருங்கள். பல மாடல்களில் ஜாக் நேராக சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கேபிளில் யார் கால் இடறினாலும் அடி விழுவது அந்த ஈயப்பற்றுக்குத்தான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஜாக்கின் காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலோட்டமாகப் பூசுவது நிற்காது.

கேள்வி: சத்தம் திடீரென்று பாதியாகிறது, பிறகு தானாகவே திரும்புகிறது.

பதில்: பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப் (எஃபெக்ட் பெட்டிகளை இணைக்கும் செண்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்) இருந்தால் அந்த இரண்டையும் ஒரு சிறு கேபிளால் இணையுங்கள். சத்தம் திரும்பிவிட்டால் ரிட்டர்ன் ஜாக்கின் உட்சுவிட்சில் அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் போதும். இதற்குப் போய் ஸ்பீக்கரை மாற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்!

கேள்வி: என் வால்வு ஆம்ப்ளிஃபயர், வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் உறுமுகிறது.

பதில்: உங்கள் காதே நல்ல மீட்டர். கிதாரின் ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டை அழுத்தி மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். உறுமலும் ஏறக்குறைய அதே சுருதி என்றால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரைத் தாண்டி வரும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கத்தை, அதைச் சமன்செய்ய வேண்டிய ஃபில்டர் கெப்பாசிட்டர் அடக்கவில்லை என்று பொருள். ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். எர்த், வால்வு ஹீட்டர் ஒயர்கள் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் தேங்கி நிற்கலாம், ஆளையே கொல்லும். விஷயம் தெரிந்தவர் அதை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே கை வைப்பார். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுபவரிடம் ஆம்ப்ளிஃபயரைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஃபியூஸ் அடிக்கடி போகிறது. கூடுதல் ஆம்பியரில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர். அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயர் என்றால், பின்பக்கம் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; அப்படியென்றால் அதை நம் ஊர் மின்சாரத்தில் நேராகச் செருகக்கூடாது.

கேள்வி: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். ஸ்பீக்கரில்தான் சந்தேகம் என்றால் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கரைத் தனியே பிரித்து மீட்டரில் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் காட்டுவது இயல்பு. முள் அசையவே இல்லை என்றால் ஸ்பீக்கரின் காயில் (கம்பிச் சுருள்) அறுந்திருக்கிறது.