அந்தியூர் மேளமும் வியன்னா மண்டபமும்: குதிரைப் பயிற்சி பற்றிய கேள்வி பதில்

அந்தியூர் குருநாதசுவாமி ஆடித் திருவிழாவில் மேளத்துக்கு ஆடும் குதிரையைப் பார்த்திருக்கிறேன். டிரெஸ்ஸாஜ் என்பதும் அதுதானே? (அஸ்தம்பட்டி)

தூரத்து உறவு என்று சொல்லலாம். சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. மேலே ஆள் ஏறினால் அந்தச் சுமையும் அங்கேயே சேர்கிறது. அதைப் பின்னுக்கு மாற்றக் கற்றுக்கொடுப்பதே டிரெஸ்ஸாஜ். நின்ற இடத்திலேயே துள்ளுநடை போடுவதற்கு ‘பியாஃப்’ என்று பெயர். அதைப் பார்க்கும்போது கால் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்காதீர்கள். பின்னங்கால் மூட்டுகள் மடங்கி, பிட்டம் தாழ்கிறதா என்று பாருங்கள். முன்னங்காலை மட்டும் உதறிவிட்டு முதுகை விறைத்துக்கொண்டால், கூட்டம் கைதட்டும். டிரெஸ்ஸாஜ் போட்டி நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

தாரமங்கலம் கோயில் தூணில் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. இதெல்லாம் போருக்காக வந்த பயிற்சியா? (தாரமங்கலம்)

வேர் போரில்தான். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத் தளபதி செனஃபோன் குதிரைப் பயிற்சி பற்றி நூல் எழுதினார். அடித்துச் செய்ய வைத்ததில் அழகு இராது என்பது அவர் கட்சி. 1550இல் நேப்பிள்ஸின் கிரிசோனே எழுதிய நூலில் முரட்டுத்தனம் அதிகம். 1733இல் பிரான்சின் கெரினியேர் தோளை உட்புறம் வளைத்து நடத்தும் பயிற்சியை வகுத்துக்கொடுத்தார். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளி இன்றும் அவர் வழிதான். ஆனால் அந்தரத்தில் பாய்ந்து உதைக்கும் வித்தைகளால் காலாட்படையைச் சிதறடித்தார்கள் என்ற கதையை நான் நம்பவில்லை. ஈட்டிக்காரனுக்கு எதிரே வயிற்றைக் காட்ட எந்த வீரன் துணிவான்?

பெண்கள் போட்டியிடலாமா? (ஆத்தூர்)

1952க்கு முன் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் பெண்களுக்கு இடமே இல்லை. அந்த ஆண்டு தடை நீங்கியதும், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளி வென்றார். 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற நம் நால்வர் அணியிலும் இரண்டு பெண்கள்.

எங்களிடம் மட்டக்குதிரை ஒன்று இருக்கிறது. இதனால் அதற்கு ஏதாவது பயன் உண்டா? (ஏற்காடு)

நிச்சயமாக. மலைப்பாதையில் இறங்கும்போது பின்னங்காலை அடியில் கொடுத்து இறங்கும் குதிரைக்குத் தடுமாற்றம் குறைவு. சமதளத்தில் 20 மீட்டர் வட்டம் போட்டு, நடையிலிருந்து துள்ளுநடைக்கும் மறுபடி நடைக்கும் மாற்றிப் பழக்குங்கள். இரு பக்கமும் சமமாகச் சுற்றட்டும். கடிவாளத்தை இழுத்து நிறுத்தாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை விடுங்கள், அப்புறம் விரல்களை இறுக்கினால் போதும். வாயைப் பிளந்தாலோ வாலைச் சுழற்றி அடித்தாலோ அன்றைக்கு இறங்கிவிடுங்கள்.