ஆட்டிசம் உள்ள என் மகன் வகுப்புத் தோழியைக் காதலிப்பதாகச் சொல்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?

பதினாறு வயதாகும் உங்கள் மகன், தன்னுடன் படிக்கும் ஒரு பெண்ணைக் காதலிப்பதாக உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் வரும் நேரம் பார்த்து நாள்தோறும் வகுப்பு வாசலில் காத்து நிற்கிறான். அவள் இப்போது வேறு வழியாகச் செல்லத் தொடங்கிவிட்டாள் என்று வகுப்பாசிரியர் உங்களை அழைத்துச் சொல்லியிருக்கிறார். இவனுக்குக் காதல் என்றால் உண்மையில் புரியுமா, இந்தப் பேச்சையே தடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆட்டிச நிலையாளன். வயது வந்த பிறகே எனக்கு அது உறுதி செய்யப்பட்டது. ஆகவே பள்ளிப் பருவத்தையும் முதற்காதலையும் காரணம் அறியாமலேயே கடந்து வந்தேன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: அவனுக்குக் காதல் புரியும். பேச்சைத் தடுக்காதீர்கள். ஆனால் வாசலில் நிற்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், ஏன் நிறுத்த வேண்டும் என்பதையும் முழுமையாகச் சொல்லுங்கள். இதற்குப் பிறகு நான் எழுதுவதெல்லாம் அந்த 'ஏன்' என்பதை எப்படிச் சொல்வது என்பதைப் பற்றித்தான்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனம் எட்டாது என்ற எண்ணம் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1985ஆம் ஆண்டில் சைமன் பாரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகியோர் பொம்மைகளை வைத்து நடத்திய ஆய்வில், ஆட்டிசம் உள்ள இருபது குழந்தைகளில் பதினாறு பேர், ஒரு பொம்மை தான் இல்லாதபோது இடம் மாற்றப்பட்ட தன் பொருளைத் திரும்பி வந்து எங்கே தேடும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. அதிலிருந்து, பிறர் மனத்தை உணரும் திறனே இவர்களிடம் இல்லை என்று பலர் பேசத் தொடங்கினார்கள். 2012இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிச நிலையாளரே, இதற்கு மாறான ஒரு கருத்தை முன்வைத்தார்: புரியாமை இருபுறமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியாதது போலவே மற்றவருக்கும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிவதில்லை. 2020இல் கேத்தரின் கிராம்ப்டனும் அவருடைய குழுவினரும் ஒரு கதையை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு வரிசையாகச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஆட்டிச நிலையாளர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை மற்றவர்களின் வரிசையில் இருந்த அளவுக்கே தங்கியது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்துபோனது. உங்கள் மகன் படிக்கும் வகுப்பு, அநேகமாக அந்தக் கலப்பு வரிசைதான். அவனுடைய அன்பில் குறையில்லை. அது அந்தப் பெண்ணைச் சென்று சேரும் வழியிலும், அவளுடைய பதில் அவனிடம் திரும்பி வரும் வழியிலும்தான் செய்தி உதிர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அலெக்சிதைமியா என்ற நிலையும் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உணர்வு இருக்கும், அது இன்ன உணர்வு என்று பெயர் சொல்ல வராது. காதல் வந்தபோது எனக்கு அது வயிற்றுக் கோளாறாகவே தெரிந்தது. பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, ஒருவருடைய குரல் கேட்டால் மட்டும் கைகள் குளிர்ந்தன. உங்கள் மகன் அதைக் காதல் என்று பெயரிட்டு, அதை உங்களிடம் கொண்டுவந்தும் சொல்லியிருக்கிறான். அந்த வயதில் எத்தனை பிள்ளைகள் தாயிடம் இதைச் சொல்வார்கள்? அந்த நம்பிக்கை உடையாமல் பார்த்துக்கொள்வது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

இனி வாசலுக்கு வருவோம். டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் ஆகியோர் 2005இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், ஆட்டிச மனம் தன் கவனம் முழுவதையும் ஒரே வாய்க்காலில் செலுத்தும் மனம் என்று விளக்கினார்கள். எங்களில் பலருக்கு அந்த வாய்க்கால் ஏதோ ஒரு துறையாக இருக்கும். சில காலம் அது ஒரு மனிதராகவும் ஆகிவிடும். அப்போது அவர் எந்த நேரத்துக்கு வருவார், எந்த நிறப் பை வைத்திருக்கிறார், எந்தப் பாடவேளையில் எங்கே அமர்கிறார் என்பதெல்லாம் தானாகவே மனத்தில் பதிந்துவிடும். இதில் தீய எண்ணம் துளியும் இல்லை. ஒரு நட்சத்திரத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொண்டாலும் நட்சத்திரம் அஞ்சுவதில்லை. ஒரு பெண்ணைப் பற்றி அவள் சொல்லாத செய்திகளை ஒருவன் அறிந்து வைத்திருந்தால் அவள் அஞ்சுவாள். இந்த ஒரு வேறுபாட்டை யாராவது அவனிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். மற்ற பிள்ளைகள் இதை முகக்குறிப்புகளிலிருந்தும் நண்பர்களின் கேலியிலிருந்தும் கற்றுக்கொள்கிறார்கள். அவனுக்கு அந்த இரண்டு வழிகளும் பெரும்பாலும் அடைபட்டிருக்கின்றன.

அந்தப் பெண்ணின் அச்சம் உண்மையானது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவன் நல்லவன் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவளுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்திருந்தாலும் அவள் காத்திருப்பை விரும்பியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆட்டிசத்தைக் காரணம் காட்டி அவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அவளுக்கு அநீதி; எதிர்காலத்தில் உங்கள் மகனுக்கும் தீங்கு, ஏனென்றால் பதினாறு வயதில் ஆசிரியரின் அழைப்போடு நிற்கும் செயல் இருபது வயதில் காவல்துறை வரை போகக்கூடும்.

அப்படியானால் என்ன சொல்லிக்கொடுப்பது? மறுப்பு எந்தெந்த வடிவங்களில் வரும் என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள். மனிதர்கள் 'வேண்டாம்' என்ற சொல்லை மிக அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். 'இன்றைக்கு வேலை இருக்கிறது' என்று ஒரு பெண் சொன்னால், நாளை கேட்கலாம் என்று அவள் சொல்வதாக நான் நேர்மையாகவே நம்பினேன். என் அக்காதான் ஓர் இரவு அருகில் அமர்ந்து, ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கத்தில் மனிதர்கள் சொல்லும் சொற்களையும் வலப்பக்கத்தில் அவற்றின் பொருளையும் எழுதித் தந்தார். 'பார்க்கலாம்' என்பதற்கு எதிரே 'பெரும்பாலும் இல்லை' என்று இருந்தது. 'வேலை இருக்கிறது' என்று சொல்லிவிட்டு வேறொரு நாளையும் சொல்லாவிட்டால் 'இல்லை' என்றும், ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினால் 'பேச்சை முடிக்க விரும்புகிறாள்' என்றும், வழியை மாற்றிக்கொண்டால் 'தெளிவாகவே இல்லை' என்றும் எழுதியிருந்தார். அந்தத் தாள் எனக்கு அவமானமாக இல்லை. அதுவரை யாரும் தராத மரியாதையாக இருந்தது. நான் கணிப்பேன் என்று எதிர்பார்க்காமல், எனக்குத் தேவையான செய்தியை ஒருவர் அப்படியே கையில் கொடுத்தார்.

அதன் கீழே அவர் எழுதிய விதியை உங்கள் மகனுக்கும் தருகிறேன்: ஒருமுறை தெளிவாகக் கேள், தெளிவான சம்மதம் வராவிட்டால் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள், காரணம் கேட்காதே, மீண்டும் கேட்காதே. எங்களுக்கு விதிகள் பிடிக்கும் என்று பலர் சொல்வார்கள். காரணத்தோடு வரும் விதிகள்தான் பிடிக்கும் என்பதே சரி. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எலிசபெத் லாகசன் உருவாக்கிய பீர்ஸ் என்ற பயிற்சித் திட்டமும் சமூகப் பழக்கங்களைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தே பதின்ம வயதினருக்குக் கற்றுக்கொடுக்கிறது. உங்கள் சிறப்பாசிரியர் அத்தகைய பயிற்சியை அறிந்தவராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒரு தாளும் பொறுமையும் போதும்.

சொல்லும் நேரமும் முக்கியம். பள்ளி விட்டு வந்தவுடன் பேசாதீர்கள். நாள் முழுவதும் மணியோசை, இரைச்சல், நெரிசல், வியர்வை நாற்றம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, இயல்பாக இருப்பது போன்ற முகத்தையும் தாங்கிக்கொண்டு வருகிறான். வீட்டுக்குள் நுழையும்போது அவனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. ஓய்வெடுத்த பிறகு, எதிரே அமர்ந்து கண்ணைப் பார்க்கச் சொல்லாமல், பக்கத்தில் நடந்தபடியோ வண்டியில் போகும்போதோ பேசுங்கள். பதிலுக்கு ஒருநாள் அவகாசம் கொடுங்கள்.

'காதலெல்லாம் தப்பு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மற்ற பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத் தம் போக்கில் போய்விடுவார்கள். அவன் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, முப்பது வயதிலும் தன் உணர்வைக் குற்றமாக எண்ணிக்கொண்டிருப்பான். அவளை விரும்புவது தவறில்லை, வாசலில் நிற்பது நிறுத்த வேண்டிய செயல் என்று இரண்டையும் தனித்தனி வாக்கியங்களாகச் சொல்லுங்கள்.

அவனுடைய பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். 'அவளுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, போய்ச் சொல்' என்று தூண்டிவிட்டுத் தொலைவில் நின்று சிரிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. வாசலில் நிற்கும் யோசனையை யாராவது கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். யாராவது படம் அனுப்பச் சொன்னாலோ, தொட்டாலோ, இரகசியம் என்று சொன்னாலோ மறுக்கும் உரிமை அவனுக்கும் உண்டு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். மகள்கள் உள்ளவர்கள் இதைப் படித்தால் இந்தப் பத்தியை இருமுறை படியுங்கள்; ஆட்டிசம் உள்ள பெண்கள் மற்றவர்களைப் போல நடிக்கக் கற்றுக்கொண்டு கண்டறியப்படாமலேயே வளர்வது மிகுதி, பிறர் விருப்பத்துக்கு இணங்கிப் போவதே நல்ல நடத்தை என்று அவர்கள் பழக்கப்பட்டிருப்பார்கள்.

அந்தப் பெண்ணின் பதில் ஏற்கனவே வந்துவிட்டது. வழியை மாற்றியதே பதில். அதை அவனிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்; அது கடினமான உரையாடலாக இருக்கும். 'வேறு ஒருத்தி வருவாள்' என்று ஆறுதல் சொன்னால் எப்போது என்று கேட்பான். 'இது வலிக்கும், பல வாரங்கள் வலிக்கலாம், அதுவரை நான் உடனிருப்பேன்' என்பது உண்மை. உண்மைதான் அவனுக்கு ஆறுதலாகும். துக்கம் அழுகையாக வராமல் உணவு மறுப்பாகவோ, பேச்சு குறைவதாகவோ, சிறு சத்தத்துக்கும் வெடிப்பதாகவோ வரலாம். சாவதைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் அதைக் கதை பேசுவதாக எண்ணாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

காலியாகிப் போகும் அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு வேறொரு வேலை கொடுங்கள். வெறும் 'அங்கே போகாதே' அவனுக்குப் போதாது, கால்கள் பழகிய இடத்துக்கே போகும். நூலகத்தில் ஓர் இருக்கை, ஓர் ஆசிரியருக்குச் சிறு உதவி, தன்னைப் போன்ற ஒரு தோழன் என எதுவாயினும் அதே மணிக்கு, அதே நிமிடத்தில் தொடங்கும்படி அமையுங்கள். எதிர்பாராமல் அவளைச் சந்திக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும்: அவள் பார்த்துத் தலையசைத்தால் பதிலுக்குத் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்து நடக்க வேண்டும், அவள் பார்க்காவிட்டால் பேசாமல் நடக்க வேண்டும்.

பள்ளியில் உங்களைக் கூப்பிட்டுப் பேசும்போது, அவன் செய்யக்கூடாதவற்றோடு செய்ய வேண்டியவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அதை வகுப்பு முன்னால் படிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணிடம் ஆசிரியர் தனியே பேசி, அவள் சொன்னது ஏற்கப்பட்டது, இனி யாரும் வாசலில் நிற்கமாட்டார்கள் என்று தெரிவிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பதற்காக உங்கள் மகன் அவளை நேரில் தேடிப் போக வேண்டாம். அவள் விரும்பினால் இரண்டு வரிக் கடிதம் ஆசிரியர் வழியாகப் போகலாம், விரும்பாவிட்டால் அதுவும் வேண்டாம்.