செக் பாட்டி பேசுறது புரியலையே!

கேள்வி: செக் நாட்டுல பிர்னோங்கற ஊர்ல இங்கிலீஷ் மீடியத்துல மெடிசின் படிக்கிறேன், மூணாவது வருஷம். செக் கிளாஸ் போயி பாஸும் பண்ணிட்டேன். வார்டுல கேள்வியெல்லாம் கடகடன்னு கேட்டுடறேன், ஆனா பேஷன்ட் பாட்டி வாயத் தொறந்தா ஒண்ணுமே புரியல. என்ன பண்றது? (ஒரு வாசகி)

பதில்: ஏம்மா, கிளாஸ்ல சொல்லித் தர்றது பூரா நாம கேக்கறதுதானே, "ட்ஸோ வாஸ் போலீ?", உங்களுக்கு என்ன வலிக்குது, அது ஒரு வாரத்துல வந்துடும். பதில்தான் புக்குல இருக்கற செக்குல வராது. அதனால இனிமே இலக்கணத்த கொஞ்சம் ஓரங்கட்டிட்டு காதுக்கு வேலை குடுங்க.

முதல்ல "நோ". ஆமாங்கறதுக்கு புக்குல "அனோ"ன்னு இருக்கும், பேச்சுல பாதி பேரு "நோ", "நோ யோ"ம்பாங்க, நெஞ்சுவலி இருக்கான்னு கேட்டு அவங்க நோன்னதும் நீங்க இல்லைன்னு எழுதிட்டா கதை கந்தல். இல்லைங்கறது "நெ". அடுத்தது மணி. வலி எப்ப ஆரம்பிச்சதுன்னா "பூல் ஓஸ்மே"ம்பாங்க, எட்டுங்கற வார்த்தை அதுல இருக்கறதால எட்டரைன்னு தோணும், ஆனா அது ஏழரை, எட்டாவது மணியில பாதிதான் ஆயிருக்குன்னு கணக்கு. ஹார்ட் அட்டாக் கேஸ்ல ஒரு மணி நேரம் தப்பாச்சுன்னா சும்மா இல்ல. இருவத்தஞ்ச "அஞ்சும் இருவதும்"னு திருப்பிப் போட்டும் சொல்வாங்க, டவுட்னா பேப்பர்ல எழுதிக் காட்டி கேட்டுடுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

மாத்திரை பேரு நம்மூரு பெருசுங்க மாதிரியே அவங்களுக்கும் ஞாபகம் இருக்காது, பிரஷருக்கு ஒண்ணு, ரத்தம் நீர்க்கறதுக்கு ஒண்ணும்பாங்க, ரெண்டாவது பெரும்பாலும் வார்ஃபரின் மாதிரி ஏதாவதா இருக்கும், டப்பாவ காட்டச் சொல்லிடுங்க. சர்க்கரைய டயாபடீஸ்ங்க மாட்டாங்க, "ட்ஸுக்ரோவ்கா"தான்.

ஸ்டெத் வெக்கும்போது இன்னொண்ணு. "நாடெஹ்ன்யெதெ ஸெ"ன்னு மூச்ச இழுக்கச் சொல்லி "நெடீஹெய்தெ"ன்னு நிறுத்தவும் சொல்லிட்டு, "டீஹெய்தெ"ன்னு விடச் சொல்ல மறந்துட்டு நீங்க பாட்டுக்கு மர்மர் (இதயத்துல கேக்கற கூடுதல் சத்தம்) தேடிட்டு இருந்தா, பாவம் அந்த மனுஷன் முகம் செவந்து போயி உக்காந்திருப்பாரு.

மரியாதை ரொம்ப முக்கியம், பெரியவங்கள "வி"ன்னுதான் பேசணும், "தி" போட்டா நம்ம "நீ" மாதிரி ஆயிடும். பேரச் சொல்லிக் கூப்பிட்டா நோவாக்ங்கறவரு "பனெ நோவாகு" ஆயிடுவாரு. நம்மள்ல கண்ணன் கண்ணா ஆகறான்ல, அதே விளி வேற்றுமைதான், அதுல நமக்கு பயமே வேணாம். புரியலைன்னா "பொமலெயி, ப்ரொஸீம்", கொஞ்சம் மெதுவான்னு அர்த்தம், வெக்கப்படாம எத்தன தடவ வேணா சொல்லுங்க. தலைய ஆட்டி புரிஞ்ச மாதிரி நடிக்கறது மட்டும் வேணவே வேணாம்.

கேள்வி: எங்க வார்டு டாக்டர் ஒருத்தர் பேசுறது செக் மாதிரியே இல்ல, வயித்த "ப்ரூஹோ"ங்கறாரு. எந்த ஊரு பாஷை? (அதே வாசகி)

பதில்: ஸ்லோவாக்கியாக்காரரா இருப்பாரும்மா. 1992 முடியற வரைக்கும் ஒரே நாடுதான, அவரு அவரு பாஷையிலயே பேசுவாரு, செக்காரங்களுக்கு அது புரிஞ்சுடும். நீங்க எழுதும்போது "ப்ர்ஷிஹோ"ன்னே எழுதுங்க.