பொடி பழுப்பாகிவிட்டது, காந்தமும் இழுக்கவில்லை: என்ன செய்வது?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் புராஜெக்டுக்காக மேக்னடைட்டும் (காந்தம் இழுக்கும் கருப்பு இரும்பு ஆக்சைடு) கிராஃபீன் ஆக்சைடும் (ஆக்சிஜன் ஏறிய, மிக மெல்லிய கார்பன் தாள்) சேர்ந்த நானோ கூட்டுப்பொருள் செய்தேன். கருப்பாக வரவேண்டிய பொடி பழுப்பாக இருக்கிறது, காந்தம் சரியாக இழுக்கவில்லை. ஆனால் மெத்திலீன் புளூ சாயத்தை நன்றாகப் பிடிக்கிறது. திருப்பூர் சாயக் கழிவுநீருக்கு இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் பெரஸ் குளோரைடு பாட்டிலைத் திறந்து பாருங்கள். வெளிர்பச்சையாக இருக்க வேண்டிய உப்பு மஞ்சளடித்திருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். மேக்னடைட்டுக்கு பெரிக் (Fe³⁺ இரும்பு) 2, பெரஸ் (Fe²⁺ இரும்பு) 1 என்ற மோல் கணக்கு வேண்டும். அதாவது 5.4 கிராம் பெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டுக்கு 2 கிராம் பெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட். காற்றுபட்டு பெரஸ் ஏற்கெனவே பெரிக் ஆகியிருந்தால், எவ்வளவு துல்லியமாக எடை போட்டாலும் கணக்கு தப்பும். புதுப் பாட்டில் வாங்குங்கள். அம்மோனியா விடும்போது கரைசலில் நைட்ரஜன் ஓடட்டும். உலர்த்துவது வேக்குவம் அடுப்பில், 60 டிகிரி போதும்.

பழுப்பு நிறம் மட்டுமே தோல்வி ஆகாது. மேக்னடைட் ஆக்சிஜனேற்றமடைந்து வரும் மேகமைட்டும் பழுப்புதான், அதையும் காந்தம் நன்றாக இழுக்கும். எந்த ஆக்சைடு என்று ராமன் கருவியில் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காண்பது) பார்ப்பதானால் லேசரைக் குறைத்து வையுங்கள். கூடினால் அந்தச் சூட்டிலேயே மாதிரி ஹேமடைட் (காந்தம் அவ்வளவாக இழுக்காத சிவப்பு இரும்பு ஆக்சைடு) ஆகிவிடும்.

இழுவை குறைய இன்னொரு காரணம், கிராஃபீன் ஆக்சைடை அதிகம் போடுவது. பொடியைத் தண்ணீரில் கலக்கி, குப்பிக்கு வெளியே காந்தத்தை ஒட்டிவையுங்கள். மேல்நீர் தெளியாமல் மஞ்சள் பழுப்பாகவே நின்றால், இரும்போடு சேராத தாள்கள் மிதக்கின்றன என்று பொருள். அவை சாயத்தைப் பிடித்தாலும் காந்தத்தால் திரும்ப எடுக்க முடியாது.

சரி, திருப்பூருக்கு வருவோம். மெத்திலீன் புளூ நேர்மின் சாயம், கிராஃபீன் ஆக்சைடு எதிர்மின் பரப்பு. ஒட்டாமல் என்ன செய்யும்? ஆய்வுக் கட்டுரைகள் பலவும் இந்தச் சுலபமான சாயத்தோடு நின்றுவிடுகின்றன. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின் வகை. சாயமேற்றச் சோடா சேர்ப்பதால் நீரும் காரமாக இருக்கும். அந்தக் காரத்தில் மேக்னடைட் பரப்பும் எதிர்மின்னாகிவிடுவதால், விலக்கல்தான் மிஞ்சும். பிஎச்சை 4 பக்கம் இறக்கினால் நிலைமை கொஞ்சம் தேறும். அதைவிடக் கீழே போனால் இரும்பு கரையத் தொடங்கும்.

அப்புறம் உப்பு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்குப் பின்னால் இருந்தது நிறம் மட்டுமல்ல, நொய்யலில் கலந்த உப்பும்தான். உங்கள் பொடி உப்பைத் தொடாது, அதற்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும்தான் வழி.

புராஜெக்டுக்கு ஆர்சனிக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதைப் பிடிப்பது இரும்பு ஆக்சைடு. அந்தத் துகள்கள் திரளாமல் பரப்பி வைப்பது கிராஃபீன் தாள். தென்கொரிய ஆய்வாளர்கள் 2010-லேயே இந்த வகைப் பொருளால் நீரிலிருந்து ஆர்சனிக்கை 99.9 சதவீதத்துக்கு மேல் நீக்கிக் காட்டியிருக்கிறார்கள். சாயம்தான் வேண்டுமென்றால், பட்டறையிலிருந்து உண்மையான கழிவுநீரே ஒரு லிட்டர் கேட்டு வாங்கி, அதில் சோதியுங்கள்.