சகரியாவின் கல்லறை எது?

கேள்வி: குடும்பத்தோடு எருசலேம் போகிறோம். மகனுக்கு சகரியா என்று பெயர். சகரியாவின் கல்லறை கீதரோன் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்கிறார் ஒருவர், ஒலிவமலையில் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: முதலில் எந்த சகரியா என்று கேட்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் மட்டும் இந்தப் பெயரில் ஏறக்குறைய முப்பது பேர். அதில் ஒருவர் சமாரியாவில் ஆறே மாதம் ஆண்ட ராஜா. அவரை விட்டுவிடலாம்.

கீதரோனில் நிற்பது, யூத மரபுப்படி, ஆசாரியன் யோய்தாவின் மகன் சகரியாவுக்கு உரியது. குழந்தை யோவாஸை ஆறு வருஷம் ஆலயத்துக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றி, ராஜாவாக்கியவர் யோய்தா. அவர் இறந்தபிறகு விக்கிரக வணக்கம் திரும்பியது. மகன் கண்டித்தார். அதே யோவாஸின் கட்டளைப்படி ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொன்றார்கள் (2 நாளாகமம் 24). என்ன நன்றிகெட்டத்தனம்! அந்த ரத்தம் அடங்காமல் கொதித்துக்கொண்டே இருந்தது, பாபிலோன் தளபதி நேபுசராதான் வந்தபோதும் கொதித்தது என்கிறது யூதர்களின் மரபு நூலான தால்மூத்.

ஒலிவமலைக் குகையில் ஆகாய், சகரியா, மல்கியா ஆகிய மூன்று தீர்க்கதரிசிகளும் அடக்கமானதாக நம்பிக்கை. இந்த சகரியா பெரகியாவின் மகன். பாரசீக ராஜா தரியுவின் 2ஆம் வருஷத்தில், அதாவது கி.மு. 520இல், தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கியவர். மத்தேயு 23:35 ஆலயத்தில் கொல்லப்பட்டவரையே பெரகியாவின் குமாரன் என்கிறது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் தொல்லியலைக் கேட்டால் இரண்டும் நிற்காது. கீதரோனில் இருப்பது மலைப்பாறையிலிருந்து ஒரே கல்லாகக் குடைந்தெடுத்த சின்னம். பக்கவாட்டில் தூண்கள், மேலே பிரமிடு வடிவம். உள்ளே உடல் வைக்க அறையே கிடையாது. யோவாஸ் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய வேலைப்பாடு. ஒலிவமலைக் குகையில் உடல்களை வைக்கக் குடைந்த நீள்மாடங்களும் தீர்க்கதரிசியின் காலத்துக்குப் பிந்தியவைதான்.

போதாதென்று, பக்கத்திலேயே உள்ள, தாவீதின் மகன் பெயரால் அழைக்கப்படும் அப்சலோம் தூணில் 2003இல் ஒரு கிரேக்கக் கல்வெட்டை வாசித்தார்கள். நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியாவின் கல்லறை இது என்கிறது! ஆக மூன்றாவது சகரியாவும் அங்கே வந்துவிட்டார்.

நேரம் குறைவென்றால் கீதரோனுக்குப் போங்கள். நாலைந்து நிமிட நடைக்குள் சகரியா சின்னம், ஏசீர் ஆசாரியக் குடும்பத்தின் எபிரெயக் கல்வெட்டுள்ள கல்லறை, அப்சலோம் தூண் மூன்றையும் பார்த்துவிடலாம். ஒலிவமலைக் குகைக்கும் போவதானால் கையில் டார்ச் இருக்கட்டும், உள்ளே கும்மிருட்டு.